முழுக்கிரகணத்தின்போது மட்டும் படங்கள் கலங்கிவிட்டன, காரணம் என்ன?

கீழக்கரைக்காரன் கேட்டது:

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திரகிரகணத்தை எங்கள் ஊர்க் கடற்கரையில் நின்று படம் எடுத்தேன். 9.57 மணிக்கு நிழல் விழத் தொடங்கியது முதல் 10.50 வரை எடுத்தவை எல்லாம் நன்றாக வந்தன. பள்ளங்களின் விளிம்புகூடத் தெரிகிறது. 11 மணிக்கு நிலவு முழுவதும் நிழலுக்குள் போய்ச் செம்பு நிறமானது. 12.22 வரை, அந்த 82 நிமிடங்களில் நாற்பது படங்களுக்கு மேல் எடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. முதலில் எடுத்தவற்றில் நிலவு ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது. பிறகு எடுத்தவை மொத்தமாகவே மங்கல். 11.40-க்கு மேல் நிலவைச் சுற்றிப் பால் ஊற்றியதுபோல் வெள்ளைப் படலம் வேறு.

கையில் இருப்பது 300 மி.மீ. வரை நீளும் ஜூம் லென்ஸ், எடை குறைந்த அலுமினிய ட்ரைபாட். நிலவு சிவந்த பிறகு வைத்த அளவு: ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 400, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 5.6, ஷட்டர் திறந்திருந்தது 4 வினாடி. ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டேன். ஷட்டரைக் கையால் அழுத்தவில்லை, இரண்டு வினாடி டைமர் வைத்தேன்.

கடைக்காரர் ஒருவர், கேமராவில் ஒளியைப் பதியும் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். அவ்வளவு பணம் இப்போது என்னிடம் இல்லை. வாப்பா அன்று இரவு முழுவதும் என் பக்கத்தில் நின்றார். அவருக்கு அந்தச் சிவந்த நிலவின் படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. குற்றம் கேமராவிலா, என்னிடமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபத்திலிருந்து ஒருவர்:

எனக்கும் இதேதான் நடந்தது. நான் காற்றின் மேல் பழி போட்டேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

பாம்பன் கரை:

தம்பி, சென்சாருக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். 10.50 வரை நன்றாக வந்த சென்சார் பத்து நிமிடத்தில் கெடாது.

முதலில் இழுபட்ட படங்கள். நிலவு வானில் தன் அகலத்தைத் தானே கடக்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். நான்கு வினாடி ஷட்டர் திறந்திருந்தால் தன் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். கண்ணுக்கு அது தெரியாது, 300 மி.மீ. லென்ஸுக்குத் தெரியும். ட்ரைபாட் பாறைபோல் நின்றாலும் இந்த இழுப்பு வரத்தான் செய்யும். ஆகவே வினாடியைக் குறைத்து ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். ஐஎஸ்ஓ 1600, எஃப் 5.6, ஒரு வினாடி வைத்தால் நீங்கள் வைத்த அளவுக்குச் சமமான ஒளி கிடைக்கும், நகர்வோ கால் பங்குதான். புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும் என்று பயப்பட வேண்டாம். ரா கோப்பாக (கேமரா எதையும் மாற்றாமல் பதியும் மூலக் கோப்பு) எடுத்தால் இரைச்சலைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். இழுபட்ட படத்தை நேராக்க வழி கிடையாது.

இவ்வளவு பெரிய மாற்றம் ஏன் தேவைப்படுகிறது என்று தோன்றலாம். நிழலுக்குள் போன நிலவு பௌர்ணமி நிலவைவிடப் பத்தாயிரம் மடங்குவரை, சில கிரகணங்களில் அதற்கும் மேலாக மங்கும். நம் பூமியின் காற்று மண்டலத்தைத் துளைத்து வளைந்து வரும் செந்நிற ஒளி மட்டுமே அதன்மேல் விழுகிறது. உலகின் எல்லா விடியலும் எல்லா அந்தியும் ஒரே நேரத்தில் அங்கே போய்ச் சேர்வதாக நான் நினைத்துக்கொள்வேன்.

மொத்தமாக மங்கிய படங்களுக்குக் காரணம் வேறு என்று தோன்றுகிறது. 10.50-க்கு எடுத்த ஒன்றையும் 11.30-க்கு எடுத்த ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலவு இரண்டிலும் ஒரே அளவா? படத்தோடு பதிவாகியிருக்கும் விவரத்தில் எத்தனை மி.மீ. என்று இருக்கிறது?

கீழக்கரைக்காரன்:

அண்ணா, இப்போதுதான் பார்த்தேன். 10.50 படத்தில் 300 என்றிருக்கிறது. 11.15-இல் 285. 11.30-இல் 250. நிலவும் சிறிதாகிக்கொண்டே போகிறது. சத்தியமாக நான் ஜூமைத் தொடவில்லை.

பாம்பன் கரை:

நீங்கள் தொடவில்லை தம்பி, லென்ஸ் தன் எடையில் தானே இறங்கியிருக்கிறது. அன்று 11 மணிக்கு மேல் நிலவு நம் கரையில் எங்கே இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ தலைக்கு மேலே, 70 பாகை உயரத்தில். கேமரா வானத்தை அண்ணாந்து பார்க்கும்போது நீண்டிருக்கும் முன்குழல் மெல்ல மெல்லக் கீழே சரியும். சரிந்தால் ஜூம் குறையும், அதோடு ஃபோகஸும் விலகும். பகுதிக் கிரகணத்தின் தொடக்கத்தில் நிலவு இதைவிடத் தாழ்வாக இருந்தது. அதனால்தான் அப்போது எடுத்தவை தப்பின.

அடுத்த முறை 300-க்குக் கொண்டுபோனதும் ஜூம் வளையத்தின்மேல் துணி ஒட்டும் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். முழுமறைவுக்குக் கால் மணி நேரம் முன்பு, ஒளி பட்ட விளிம்பு இன்னும் மிச்சம் இருக்கும்போதே, திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பள்ளங்களைப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு ஆட்டோஃபோகஸை அணைத்து அந்த வளையத்துக்கும் ஒரு டேப். நிலவு சிவந்த பிறகு ஆட்டோஃபோகஸை நம்பினால் அது இருட்டில் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும்.

ட்ரைபாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செப்டம்பரில் தென்கடல் பக்கம், தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று இன்னும் ஓய்ந்திருக்காது. நடுத் தண்டை உயர்த்தாதீர்கள். கால்களை ஈரமணலில் நன்றாக அழுத்தி இறக்குங்கள், ஆனால் அலை தொடும் இடத்தில் வேண்டாம். ஒவ்வோர் அலைக்கும் மணல் இளகிக் கால் இறங்கும். ட்ரைபாட்டுக்கு எடை சேர்க்கப் பையைத் தொங்கவிட்டால் அது காற்றில் ஆடும். அடிப்பகுதி தரையில் படும்படி கட்டுங்கள்.

தேவிபட்டினம் அக்கா:

பால் ஊற்றியதுபோன்ற படலத்துக்கு நான் பதில் சொல்கிறேன். அது கடல் ஈரம். இரவு ஏற ஏற லென்ஸின் முன்கண்ணாடி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். கடற்காற்றின் ஈரம் அதில் படிந்துவிடும். எங்கள் ஊர்க் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கற்களுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தபோது எனக்கு ஒரு கிரகணமே அப்படிப் போனது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

இப்போதெல்லாம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்கண்ணாடியில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்க்கிறேன். லென்ஸின் முனையில் மாட்டும் முன்மூடுகுழல் கட்டாயம் வேண்டும். படம் எடுக்காத நேரத்தில் துணியால் மூடி வைக்கிறேன். பவர் பேங்கில் ஓடும் சூடேற்றும் பட்டை கிடைக்கிறது, லென்ஸைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். அது இல்லாத காலத்தில் சிறிய பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, லென்ஸோடு சேர்த்துத் துணியால் சுற்றி வைப்பேன். இளஞ்சூடே போதும். ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். பையை மூடியபடியே வெளியில் அரை மணி நேரம் வையுங்கள்.

கண்ணாடியைக் கைலி முனையால் துடைத்துவிடாதீர்கள் தம்பி, நம் ஊர்ப் பழக்கம் அது. உப்புத் துகள் கண்ணாடிமேல் கோடு போட்டுவிடும். முதலில் காற்றுப் பம்பால் ஊதுங்கள், பிறகு லென்ஸ் திரவம் நனைத்த மென்துணி.

மண்டபத்திலிருந்து ஒருவர்:

பாம்பன் பாலத்தையும் சிவந்த நிலவையும் ஒரே படத்தில் கொண்டுவர முடியாதா?

பாம்பன் கரை:

2025 செப்டம்பரில் முடியாது. பாலம் கீழே, நிலவு உச்சியில். அகலமான லென்ஸில் இரண்டையும் அடக்கினால் நிலவு கடுகளவுதான் இருக்கும். இரண்டு படங்களை ஒட்டி உண்மை என்று காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2026 மார்ச் 3 கிரகணத்தில் நிலவு அடிவானில் இருக்கும், ஆனால் அதில் முழுமறைவு நம் நேரப்படி மாலை 5.33-க்கே முடிந்துவிடுகிறது. நம் கரையில் நிலவு எழுவதோ 6.20-ஐ ஒட்டி. 6.47 வரை, ஓரம் கடிபட்ட நிலவு கடலிலிருந்து ஏறுவதைப் பிடிக்கலாம். அந்தி வெளிச்சம் இருப்பதால் பாலமும் தெரியும். கிழக்கு வானம் திறந்திருக்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். பாலம் வேண்டாம், நிலவு மட்டும் போதும் என்றால் தனுஷ்கோடிப் பக்கம் நல்ல இடம்தான், ஆனால் இருட்டுவதற்குள் திரும்பச் சொல்லிவிடுவார்கள் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

கீழக்கரைக்காரன்:

அப்படியானால் நமக்கு அடுத்த முழுக்கிரகணம்?

பாம்பன் கரை:

2028 டிசம்பர் 31 இரவு. உச்சம் 10.22 மணிக்கு. அப்போதும் நிலவு 60 பாகை உயரத்தில் இருக்கும், ஆகவே டேப் மறக்கக் கூடாது. வாடைக் காலம் என்பதால் வடகடல் பக்கம் அலையும் காற்றும் கூடுதல். உங்கள் தென்கடல் கரை அமைதியாக இருக்கும்.

ஆனால் அதுவரை காத்திருந்து அன்று பழகுவது தவறு. மாதந்தோறும் உங்களுக்கு ஒரு தேர்வு வருகிறது. மூன்றாம் பிறை. பிறையின் கீற்றை விட்டுவிட்டு, அதன் மடியில் சாம்பல் நிறத்தில் தெரியும் மீதி வட்டத்தைப் பாருங்கள். பூமியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது. முழுக்கிரகண நிலவின் மங்கலும் அதன் மங்கலும் ஏறத்தாழ ஒன்றே. அதே ஐஎஸ்ஓ 1600, அதே ஒரு வினாடி. கீற்று வெளுத்துப்போகும், போகட்டும். சாம்பல் வட்டத்தில் நிலவின் கருந்திட்டுகள் தெளிவாக வந்துவிட்டால் சிவந்த நிலவும் வந்துவிடும்.

கீழக்கரைக்காரன் (பின்னர்):

பிறை பார்ப்பது எங்கள் வீட்டில் சிறுவயதிலிருந்து பழக்கம். ஆனால் மீதி வட்டத்தை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

நேற்று மூன்றாம் பிறை. மேகம் விலகியிருந்தது. நீங்கள் சொன்னபடியே டேப், ஈரமணல், ஒரு வினாடி. மேற்கே தாழ்ந்த பிறை என்பதால் லென்ஸ் சரியவில்லை. அதைச் சோதிக்கவே பிறகு கேமராவை உச்சி வானத்துக்குத் திருப்பி அரை மணி நேரம் வைத்திருந்தேன். டேப் இல்லாதபோது 300 என்பது 260 ஆனது. டேப் போட்டபின் 300 அப்படியே நின்றது. வெந்நீர் பாட்டிலும் வேலை செய்தது, அக்கா.

முப்பது படங்களில் பதினொன்று தெளிவு. இரைச்சல் இருக்கிறது, இழுப்பு இல்லை. சாம்பல் வட்டத்தில் கருந்திட்டுகள் தெரிகின்றன. திரையில் வாப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாங்கிப் பார்த்தார். சட்டம் போட இதையே கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் இன்னொரு படத்துக்கு இடம் விட்டு ஆணி அடிக்கச் சொல்லியிருக்கிறார்.