ஐ.பி.எஸ். (IBS) என்னும் எரிச்சல் குடல் நோய்: எத்தனை கோடி பாக்டீரியா உள்ள புரோபயாட்டிக் வாங்கலாம்?

தேன்மொழி, திருச்சி:
எனக்கு இருப்பது ஐ.பி.எஸ். என்று குடல் மருத்துவர் உறுதி செய்துவிட்டார். காலையில் வயிற்றைப் பிசையும், அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டும். சாயங்காலம் உப்புசம். பஸ் ஏறவே பயமாக இருக்கிறது. மருந்துக்கடையில் புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா, 500 கோடி உள்ளது, 2,500 கோடி உள்ளது என்று இரண்டு கேப்ஸ்யூல்களைக் காட்டினார்கள். கோடி கூடினால் பலனும் கூடுமா?

வைகைக்கரை (மருந்தாளுநர்):
சகோதரி, கோடியைப் பார்த்து வாங்காதீர்கள். 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐ.பி.எஸ். உள்ள 362 பெண்களைப் பிரித்து, பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் 35624 என்ற பாக்டீரியாவை மூன்று அளவுகளில் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, பாக்டீரியா இல்லாத வெற்று மாத்திரை. பத்து லட்சமும் பலிக்கவில்லை, ஆயிரம் கோடியும் பலிக்கவில்லை. பத்துக் கோடிதான் வலியையும் உப்புசத்தையும் குறைத்தது. ஆயிரம் கோடியை அடைத்த கேப்ஸ்யூல், ஈரம் பட்டதும் உள்ளே பசையாக இறுகிக் கரையாமல் போயிருக்கிறது.

அந்த 35624 என்ற எண்ணைக் கவனியுங்கள். ஒரே பெயருள்ள பாக்டீரியாவிலும் வகைக்கு வகை குணம் மாறும். அட்டையில் வகை எண் இல்லாததை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. இனுலின், எஃப்.ஓ.எஸ். என்ற நார்ச்சத்துகள் சேர்த்ததும் உங்களுக்கு வேண்டாம்; அவை குடலில் புளித்து வாயுவைக் கூட்டும்.

பொன்னி, தஞ்சாவூர்:
எனக்கும் இதே தொல்லைதான். கேப்ஸ்யூலைவிட வெங்காயம், பூண்டைக் குறைத்ததுதான் கைகொடுத்தது. பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளிக்கிறேன். வாயுவைக் கிளப்பும் சத்து எண்ணெயில் இறங்காது, வாசனை மட்டும் இறங்கும். மோரும் பழைய சோறும் போதாதா, வைகைக்கரை அண்ணா?

வைகைக்கரை:
ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடுங்கள் அம்மா. ஆனால் அவற்றில் எந்த வகை, எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. மருந்தாக நம்ப வேண்டாம். சிலருக்குப் பாலின் சர்க்கரையே ஆகாது.

தேன்மொழி:
அப்படியென்றால் கேப்ஸ்யூலே வேண்டாமா?

வைகைக்கரை:
அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரி 2021-இல் ஐ.பி.எஸ்.ஸுக்குப் புரோபயாட்டிக்குகளைப் பரிந்துரைக்கவில்லை. ஆதாரம் மிகப் பலவீனம் என்கிறது. முயன்று பார்க்க விரும்புபவர்கள் ஒன்றையே எடுத்து, குறைந்தது 4 வாரம் கவனிக்கலாம் என்பது பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டல். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. வலி, உப்புசம் இரண்டையும் தினமும் குறித்து வையுங்கள். மாற்றமில்லையென்றால் நிறுத்திவிடுங்கள், அடுத்த பிராண்டுக்குத் தாவாதீர்கள். நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவரானால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் பேதி, ரத்தசோகை எது வந்தாலும் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.