6 மி.மீ. செம்புப் பட்டையில் பிசிறு இல்லாமல் துளை போடுவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு மின் பேனல் போர்டு பட்டறை வைத்திருக்கிறேன். 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம் உள்ள செம்பு பஸ்பாரில் (பேனலுக்குள் மின்சாரம் கடத்தும் பட்டை) எம்12 போல்ட்டுக்கு 13 மி.மீ. துளைகள் போட வேண்டும்.

முதலில் 5 மி.மீ. டிரில் பிட், அப்புறம் 13. உள்ளே இறங்கும் வரை பிரச்சினை இல்லை. அடிப்பக்கம் வெளியே வரும் நொடியில் பிட் செம்பைக் கவ்வி இழுக்கிறது. நேற்று வைஸிலிருந்து (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பட்டையே பிடுங்கிக்கொண்டு சுழன்றது. தம்பியின் கை தப்பியது பெரிய விஷயம். இனி கிளாம்ப் போடாமல் தொடப்போவதில்லை.

துளையும் வட்டமாக இல்லை, லேசாக முக்கோணமாக வருகிறது. கீழே உதடு மாதிரி தடித்த பிசிறு வேறு. அரத்தால் தேய்த்தால் பரப்பு கீறிப்போகிறது. இரண்டு பட்டைகள் சமமாகப் படியாவிட்டால் அந்த இணைப்பு சூடேறும். அதனால் அப்படியே விட மனசு வரவில்லை.

பித்தளைக்குச் செய்வதுபோல் பிட்டின் வெட்டு விளிம்பை எண்ணெய்க்கல்லில் லேசாகத் தட்டையாக்கச் சொன்னார் பழைய டர்னர் அண்ணன் ஒருவர். செய்தேன், கவ்வுவது நன்றாகவே குறைந்தது. பிசிறு மட்டும் போகவில்லை.

அடியில் மரக்கட்டைக்குப் பதில் அலுமினியத் தகடு வைத்து இறுக்கினால் பிசிறு குறையுமா? 13 மி.மீ. பிட்டுக்கு எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வைக்கிறீர்கள், என்ன எண்ணெய் விடுகிறீர்கள்? மாதம் நூறு துளைக்குக் கையால் இயக்கும் ஹைட்ராலிக் பஞ்ச் (எண்ணெய் அழுத்தத்தால் துளை குத்தும் கருவி) வாங்குவது கட்டுப்படியாகுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.