பிப் இல்லை என்று கடிதம் வந்தால்: எதிர்த்துக் கேட்பதா, விடுவதா?

கேள்வி: அக்கா, ஸ்பவுஸ் விசாவில் லண்டன் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவர் அகதியாக வந்து, பிறகு நிரந்தர வதிவிடம் கிடைத்து இங்கேயே இருக்கிறார். வலது கையிலும் காலிலும் ஷெல் காயம். இரவில் நித்திரை இல்லை, கூட்டத்தைக் கண்டால் நடுக்கம். பிப் (பெர்சனல் இண்டிபெண்டென்ஸ் பேமென்ட், நோயாலும் இயலாமையாலும் சிரமப்படுபவர்களுக்கு அரசு கொடுக்கும் காசு) கேட்டு விண்ணப்பித்தோம். டெய்லி லிவிங்கில் (அன்றாட வேலைகள்) 6 புள்ளி, மொபிலிட்டியில் (நடமாட்டம்) 4 புள்ளி போட்டு, காசு ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அவர் "விடு, பிச்சை கேட்கிற மாதிரி இருக்கு" என்கிறார். எதிர்த்துக் கேட்கலாமா? கேட்டால் என் விசாவுக்கு ஏதும் வில்லங்கம் வருமா?

பதில்: தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு. முதலில் கடிதத்தின் மேலே போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். இங்கே எல்லோரும் எம்.ஆர். என்று சொல்வது இதைத்தான். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. தவறிவிட்டால் நல்ல காரணம் காட்டி, மொத்தம் 13 மாதம் வரை கேட்கலாம். ஆனால் அந்தக் காரணத்தை ஏற்பதா என்பது அவர்கள் கையில் இருக்கிறது, அதை நம்பி இருக்காதீர்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை. எங்கள் பகுதி ஆலோசனை நிலையத்தில் இந்தப் படிவங்களோடு மல்லுக்கட்டுபவள், அவ்வளவுதான். கேட்பதா விடுவதா என்று யாராவது கேட்டால் நான் இரண்டு விஷயம்தான் பார்ப்பேன். காசு கிடைக்கும் எல்லையைத் தொட எத்தனை புள்ளி குறைகிறது? கேட்பதால் இழக்கக்கூடியது ஏதாவது கையில் இருக்கிறதா? கோபமும் வெட்கமும் இந்தக் கணக்குக்குள் வரக்கூடாது. நம் ஆட்களில் பாதிப்பேர் கோபத்தில் கேட்கிறார்கள், மீதிப்பேர் வெட்கத்தில் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் கணக்கு இது. டெய்லி லிவிங், மொபிலிட்டி இரண்டுக்கும் தனித்தனியாக 8 புள்ளி எடுத்தால் ஸ்டாண்டர்ட் (சாதாரண தொகை), 12 எடுத்தால் என்ஹான்ஸ்ட் (கூடிய தொகை). அவருக்கு டெய்லி லிவிங்கில் 2 புள்ளிதான் குறைகிறது. 2025-26 கணக்கில் டெய்லி லிவிங் ஸ்டாண்டர்ட் வாரத்துக்கு 73.90 பவுண்ட், அதாவது வருடத்துக்கு 3,800 பவுண்டுக்கு மேல். இப்போது அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் கேட்டு இழக்க ஒன்றும் இல்லை. என் பதில்: கேளுங்கள்.

பிச்சை என்று அவர் சொன்னால் இதைச் சொல்லுங்கள். பிப்புக்கு வருமானமும் பார்ப்பதில்லை, சேமிப்பும் பார்ப்பதில்லை. முழுநேர வேலை செய்பவரும் வாங்கலாம். உடல்நலக் குறைவால் வரும் மேல்செலவுக்கு என்று சட்டம் போட்டுக் கொடுக்கிற காசு அது.

அடுத்த வேலை, பிப் கொடுக்கும் அரசுத் திணைக்களமான டி.டபிள்யூ.பி.க்கு போன் செய்து மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி கேட்பது. முடிவுக் கடிதம் சுருக்கமானது, சண்டை முழுக்க அந்த அறிக்கைக்குள்தான் இருக்கும். வந்ததும் ஒரு தேத்தண்ணீரோடு உட்கார்ந்து வடிவாக வாசியுங்கள். நம் ஆட்களின் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் சில வரிகள் உண்டு.

"வாரம் ஒரு முறை கோயிலுக்குப் போகிறார்." இந்த ஒரு வரியை வைத்தே நடக்கிறார், ஆட்களோடு பழகுகிறார், தனியாகப் பயணம் செய்கிறார் என்று மூன்று இடத்தில் பூச்சியம் போட்டுவிடுவார்கள். உண்மையில் என்ன நடக்கிறது? நீங்களோ மச்சானோ காரில் கொண்டுபோய் வாசலில் இறக்குகிறீர்கள். அவர் பின்சுவரோடு ஒரு கதிரையில் இருக்கிறார். கூட்டம் சேருவதற்கு முன்பே வெளியே வந்துவிடுகிறார். திருவிழா நாளில் போவதே இல்லை. இதெல்லாம் அறிக்கையில் இருக்காது, ஏனென்றால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

"சமையல் மனைவி செய்கிறார்." நம் ஆண்கள் எல்லோரும் சொல்கிற பதில் இது. அவர் சமைப்பதில்லை, ஆனால் சமைக்க முடியாது என்று எங்கும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டு பூச்சியம் போட்டுவிடுவார்கள். வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பது சட்டத்துக்குத் தேவையில்லை. தனியாக விட்டால், புதிதாக வாங்கிய காய்கறியில் ஒருவருக்கான எளிய சாப்பாடு ஒன்றை அடுப்பில் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. தேத்தண்ணீர் போடுவது அதற்குள் வராது. குனிந்து கீழே இருக்கும் ஓவனில் இருந்து எடுப்பதும் வராது, இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலோ செய்வதை மட்டும்தான் பார்ப்பார்கள்.

அப்புறம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டதும் "நல்லா இருக்கிறேன்" என்று சொல்லும் பழக்கம். போனில் மதிப்பீடு நடந்திருந்தால் அதுகூட அறிக்கையில் ஏறியிருக்கும்.

ஒரு வேலையை "செய்ய முடியும்" என்று அவர்கள் எழுத வேண்டுமென்றால் நான்கு விஷயம் பொருந்த வேண்டும்: பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், தேவையான அளவு திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள். இந்தக் குறை இல்லாத ஒருவர் எடுக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனால் அது நியாயமான நேரம் இல்லை. நாட்களில் பாதிக்கு மேல் அப்படி இருந்தால் போதும், தினமும் இருக்க வேண்டும் என்றில்லை.

ஆகவே கடிதத்தில் "என் கணவருக்குப் பெரிய காயம், தயவுசெய்து உதவுங்கள்" என்று எழுதினால் பயன் இல்லை. நோய்ப் பெயருக்குப் புள்ளி கிடையாது. இப்படி எழுதுங்கள்: "வலது கையால் கத்தியை அழுத்திப் பிடிக்க முடியாது. கடந்த மாதம் வெங்காயம் வெட்டும்போது கத்தி வழுக்கி இடது பெருவிரலில் வெட்டிவிட்டது, அதன் பிறகு மனைவிதான் வெட்டிக் கொடுக்கிறார். கொதிக்கும் பானையை இரண்டு கையாலும் தூக்க முடியாது. வாரத்தில் ஐந்து நாளாவது இப்படித்தான்." யார் பக்கத்தில் இருந்தார்கள், எவ்வளவு நேரம் எடுத்தது, அதன் பிறகு என்ன ஆனது என்பதையும் சேருங்கள். உண்மையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். பெருக்கி எழுதினால், பிறகு அப்பீல் வரை போகும்போது தீர்ப்பாயத்தில் இருக்கும் மருத்துவர் கண்டுபிடித்துவிடுவார்.

மொபிலிட்டியை விட்டுவிடாதீர்கள். 4 புள்ளி எதற்குக் கிடைத்தது என்று பாருங்கள். காலுக்காக என்றால் அது 50 மீட்டருக்கு மேல் 200 மீட்டருக்குள் நடப்பார் என்ற கணக்கு. வெளியே புறப்படவே யாராவது தைரியம் சொல்லித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் தாங்க முடியாத மனத்தவிப்பு வரும் என்றால் பயணம் பற்றிய பகுதியில் தனியாக இன்னொரு 4 உண்டு. இரண்டையும் கூட்டினால் 8. காலையும் மனதையும் இரண்டு பகுதியில் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதை நிறையப் பேர் தவற விடுகிறார்கள். 20 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்குள்தான் நடக்கிறார் என்றால் நடைக்கு மட்டுமே 8 கிடைக்கும். வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் எத்தனை மீட்டர் என்று போன் வரைபடத்தில் அளந்து எழுதுங்கள். வழியில் எங்கே நிற்கிறார், எத்தனை நிமிடம் நிற்கிறார் என்பதும் வேண்டும்.

எம்.ஆரில் மாறினால் அதிர்ஷ்டம். மாறாமல் வருவதுதான் அதிகம், அங்கேயே மனம் விட்டுப்போய் நிறுத்துபவர்களும் அதிகம். அது எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல், ஏனென்றால் அடுத்த படியான தீர்ப்பாயத்தில் பிப் வழக்குகளில் பாதிக்கு மேல் விண்ணப்பதாரர் பக்கம்தான் முடிகின்றன. எம்.ஆர். பதில் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் அப்பீல் போட வேண்டும். கட்டணம் இல்லை. ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், இயலாமை பற்றித் தெரிந்த ஒருவர், மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். டி.டபிள்யூ.பி.யின் ஆட்கள் இல்லை அவர்கள். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவரை காசு வராது. வென்றால் பழைய தேதியிலிருந்து மொத்தமாக வரும்.

இனி விசா. பிப் அவருடைய உரிமை, அவர் வாங்குவதால் உங்கள் விசா நிபந்தனை மீறப்படாது. உங்கள் விசாவில் பொது நிதி கிடையாது (அரசு உதவிப் பணம் வாங்கக்கூடாது) என்று இருக்கும், அதனால் அவரைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேரர்ஸ் அலவன்ஸ் மட்டும் உங்கள் பெயரில் கேட்டுவிடாதீர்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஸ்பொன்சர் செய்பவர் பிப் வாங்குகிறார் என்றால் விசா நீட்டிப்பில் வருடம் 29,000 பவுண்ட் என்ற வருமான நிபந்தனை பொருந்தாது. குடும்பத்தைப் போதிய அளவு பராமரிக்க முடியும் என்று காட்டினால் போதும். அதனால் உங்கள் வீட்டில் இது 73.90 பவுண்டோடு முடிகிற விஷயம் இல்லை. குடிவரவு வழக்கறிஞரிடம் அடுத்த முறை போகும்போது இந்தக் கடிதத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

இன்னொருவர் கேட்டது: அம்மாவுக்கு டெய்லி லிவிங்கில் 10 புள்ளி, ஸ்டாண்டர்ட் கிடைத்திருக்கிறது. இன்னும் 2 கிடைத்தால் என்ஹான்ஸ்ட். நாங்களும் போடலாமா?

பதில்: தம்பி, நீங்கள் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கதை வேறு. எம்.ஆரிலும் சரி தீர்ப்பாயத்திலும் சரி, நீங்கள் கேட்ட இடத்தை மட்டும் பார்ப்பதில்லை. முழுவதையும் திறந்து பார்க்கலாம், குறைக்கவும் செய்யலாம். 2025-26 கணக்கில் என்ஹான்ஸ்ட் 110.40, ஸ்டாண்டர்ட் 73.90. வாரத்துக்கு 36.50 பவுண்டுக்காகப் போய் உள்ளதும் போச்சு என்று வந்து நின்றால், அம்மாவின் டெய்லி லிவிங்கை வைத்து வீட்டில் யாராவது வாங்கும் கேரர்ஸ் அலவன்ஸும் சேர்ந்து போகும்.

கிடைத்த 10 புள்ளியையும் ஒவ்வொன்றாக எடுத்து, "இதை யாராவது கேள்வி கேட்டால் என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?" என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மருத்துவமனைக் கடிதமோ, வீட்டுக்கு வரும் தாதியின் குறிப்போ இருந்தால் துணிந்து போகலாம். இரண்டு மூன்று இடம் அதிகாரியின் இரக்கத்தால் கிடைத்தது போலத் தெரிந்தால், நான் என்றால் வாய் திறக்க மாட்டேன். தீர்ப்பாயம் குறைக்க நினைத்தால் பெரும்பாலும் முன்கூட்டியே எச்சரித்து, விலக்கிக்கொள்ள இடம் தருவார்கள். அப்படிச் சொன்னால் வீம்பு பிடிக்காதீர்கள்.

முடிவு வந்த பிறகுதான் அம்மாவுக்கு மோசமானது என்றால் அப்பீலில் அது எடுபடாது. முடிவு எழுதிய நாளில் எப்படி இருந்தார் என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். நிலைமை மாறிவிட்டது என்று தனியாக அறிவிக்க வேண்டும். அதிலும் முழுவதும் திறக்கப்படும்.

வேறு சிலருக்கு, சுருக்கமாக:

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தும் சென்னையில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவருக்கு: உங்களை மறுத்தது புள்ளிக்காக இல்லை. கடந்த மூன்று வருடத்தில் இரண்டு வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும் என்ற விதிக்காக. வாதாட அதில் ஒன்றும் இல்லை, நாள் நிரம்பியதும் புதிதாக விண்ணப்பியுங்கள். அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு இந்த விதி கிடையாது. அவர்களை இதைக் காட்டி மறுத்திருந்தால் உடனே எதிர்க்க வேண்டும்.

வேலை விசாவில் இருப்பவருக்கு: பொது நிதி கிடையாது என்று விசாவில் இருந்தால் பிப் பக்கமே போகாதீர்கள், அப்பீலும் வேண்டாம்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, வாசிப்புக்குப் புள்ளி உண்டா என்று கேட்டவருக்கு: இல்லை. வாசிப்பும் பேச்சும் தாய்மொழியில் முடியுமா என்றுதான் விதி கேட்கிறது. தமிழ்ப் பேப்பரே பார்வைக் குறைவால் வாசிக்க முடியவில்லை என்றால் அது வேறு. ஆனால் மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை, இலவசம். இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்றும் படிவத்தில் எழுதிவிடுங்கள். மகனையோ மகளையோ வைத்துச் சமாளிக்காதீர்கள். குளியலறை விஷயமெல்லாம் பிள்ளை முன்னால் எந்த அப்பாவும் முழுதாகச் சொல்ல மாட்டார்.

ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு: உங்களுக்குப் பிப் இல்லை, அடல்ட் டிசபிலிட்டி பேமென்ட். மறுமுடிவு கேட்க 42 நாள், அதன் பிறகு அப்பீலுக்கு 31 நாள். நான் மேலே சொன்ன ஒரு மாதக் கணக்கை அங்கே போடாதீர்கள்.

முதலில் கேட்டவர்: அக்கா, அவர் கடிதத்துக்குச் சம்மதித்துவிட்டார். ஆனால் நீதிபதி முன்னால் போய் நிற்க மாட்டேன் என்கிறார்.

பதில்: இப்போது யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. எம்.ஆர். போனிலும் கடிதத்திலும் நடப்பது, காரணங்களை நீங்களே எழுதி அவர் கையெழுத்துப் போட்டால் போதும். அப்பீல் வரை போனால் காகிதத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லுங்கள் என்று கேட்க வழி இருக்கிறது, ஆனால் ஆள் பேசினால்தான் வாய்ப்பு அதிகம். போனிலோ வீடியோவிலோ பேசலாம், பக்கத்தில் நீங்கள் இருக்கலாம். அந்தப் பேச்சை அப்போது பார்த்துக்கொள்வோம்.

திங்கட்கிழமை காலையில் போன் செய்து எம்.ஆர். வேண்டும் என்றும் அறிக்கையின் பிரதி வேண்டும் என்றும் அவரையே சொல்லச் சொல்லுங்கள், உங்களோடு கதைக்க அவருடைய அனுமதி கேட்பார்கள். யாரோடு கதைத்தீர்கள், எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, தபால் கந்தோரில் அனுப்பியதற்கான அத்தாட்சி கேட்டு வாங்குங்கள், அதற்குக் காசு எடுப்பதில்லை. அவருடைய ஜி.பி.யிடமும் (குடும்ப வைத்தியர்) மனநல சிகிச்சை தருபவரிடமும் கடிதம் கேளுங்கள். "இவருக்கு இந்த நோய் இருக்கிறது" என்று ஒரு வரி தந்தால் போதாது, சமைக்க, குளிக்க, வெளியே போக எப்படிச் சிரமப்படுகிறார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கடிதம் வரத் தாமதமானால் காத்திருந்து தேதியைத் தவற விடாதீர்கள், ஆதாரம் பின்னால் வருகிறது என்று எழுதி அனுப்பிவிடலாம். உங்கள் பகுதி சிட்டிசன்ஸ் அட்வைஸில் (இலவச ஆலோசனை நிலையம்) இப்போதே நேரம் பதிந்துவிடுங்கள், அங்கே வரிசை நீளம்.