புது பிரேக் டிஸ்க் போட்டும் 80இல் ஸ்டீரிங் உதறுது: மைவி, பிறை

பிறைவாசி:
வணக்கம். காடி 2013 பெரோடுவா மைவி கார், ஆட்டோ கியர். முன் டிஸ்க் ரெண்டும் கனம் குறைஞ்சு போச்சுன்னு பட்டறையில சொன்னதால டிஸ்க், அதை ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பேட் எல்லாம் புதுசா மாத்தினேன். மாத்தினதும் பிரேக் அருமையா பிடிச்சுச்சு. ரெண்டாயிரம் கிலோமீட்டர் போல ஓடின பிறகுதான் தொல்லை தொடங்குச்சு. பினாங்கு பாலத்துல 80 கி.மீ. வேகத்துல வந்து டோல் பக்கம் மெதுவா பிரேக் மிதிச்சா ஸ்டீரிங் இடமும் வலமுமா உதறுது. 40க்குக் கீழே இறங்கினா ஒண்ணும் தெரியல. பிரேக் மிதிக்காம ஓட்டினா எந்த வேகத்திலும் அதிர்வு இல்ல. பட்டறைக்குத் திரும்பப் போனா, "டிஸ்க் வளைஞ்சிருச்சு, வேற செட் போடலாம்"னு சொல்றாங்க. மறுபடியும் அவ்வளவு வெள்ளி கொடுக்கணுமா? பின்னால ரெண்டு பிள்ளைங்க உட்கார்ந்து வர்ற வண்டி, அதனால பயமா இருக்கு.

கேம்ரி ரசிகன்:
டயர் பேலன்ஸ் பாத்தீங்களா? எனக்கு இப்படித்தான் இருந்துச்சு. பேலன்ஸ் பண்ணதும் சரியாயிருச்சு.

பி.எம். பொமன்:
பேலன்ஸ் இல்லைன்னா பிரேக் மிதிக்காமலே ஆடும். தம்பி தெளிவா சொல்லியிருக்காரு, மிதிச்சா மட்டும்தான் ஆடுது. ஸ்டீரிங்ல தெரியுதுன்னா அது முன் சக்கரம். அதனால டயர் கடைக்குப் போக வேண்டாம்.

தம்பி, தயவு செஞ்சு இன்னொரு செட் டிஸ்க் வாங்காதீங்க. அதையும் அதே மாதிரி மாட்டினா அதுவும் ரெண்டாயிரம் கிலோமீட்டர்ல ஆட ஆரம்பிக்கும். நான் புக்கிட் மெர்த்தாஜாம்ல பட்டறை வச்சிருக்கேன். "வளைஞ்ச டிஸ்க்"னு என்கிட்ட வர்றதுல பெரும்பாலானது வளையவே இல்ல. அதைச் சக்கரம் மாட்டுற ஹப்ல சரியா உட்கார வைக்கல, அவ்வளவுதான்.

முதல்ல இதைச் சொல்லுங்க: பழைய டிஸ்க்கைக் கழட்டினப்ப ஹப் முகத்துல இருந்த துருவை யாராவது சுத்தம் பண்ணாங்களா? சக்கர நட்டை ஏர் கன்லயே முடுக்கினாங்களா?

பிறைவாசி:
பக்கத்துல நின்னு பாத்தேன் அண்ணே. பழசு இறுகிப் போயிருந்துச்சு, சுத்தியலால தட்டிக் கழட்டினாங்க. புதுசை எடுத்து அப்படியே மாட்டிட்டாங்க, துரு சுரண்டல. நட்டு எல்லாம் ஏர் கன்தான். ஆனா எனக்கு ஒண்ணு புரியல. மாட்டினதுல கோளாறுன்னா முதல் நாளே ஆடியிருக்கணுமே?

பி.எம். பொமன்:
அங்கதான் விஷயம் இருக்கு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நம்ம பக்கம் கடல் காத்து, மழை. ஹப் முகத்துல, அதுவும் போல்ட் அடியைச் சுத்தி, துரு வளையமா கட்டிக்கிடும். 0.05 மி.மீ. துருத் துணுக்கு ஒண்ணு ஹப் ஓரத்துல மாட்டினா டிஸ்க் சாய்ஞ்சு உட்காரும். டிஸ்க் ஹப்பை விட அகலம், அதனால வெளி விளிம்புல அந்த ஆட்டம் ஏறக்குறைய ரெண்டு மடங்கா தெரியும். இதைத்தான் ரன் அவுட்னு சொல்றோம்.

முதல்ல ஏன் தெரியலைன்னா, பேட்டைப் பிடிச்சிருக்கிற காலிப்பர், "பின்"ங்கிற கம்பியில வழுக்கி டிஸ்க் போற போக்குக்கே போய் வரும். ஆட்டம் கைக்கு வராது. ஆனா நீங்க பிரேக் மிதிக்காம ஹைவேல ஓட்டுறப்போ, டிஸ்க்கோட சாய்ஞ்ச பகுதி ஒவ்வொரு சுத்துலயும் பேட்டை லேசா உரசிட்டுப் போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இப்படி உரசி உரசி அந்த ஒரு இடம் மட்டும் தேயும். டிஸ்க் ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெலிசு. 0.015 மி.மீ. வித்தியாசம் வந்தாலே போதும். கனமான இடம் பேட்டுக்குள்ள வர்றப்போ பிடி கூடும், மெலிசான இடத்துல குறையும். அதுதான் உதறல்.

80இல் உங்க சக்கரம் நொடிக்குப் பன்னிரண்டு சுத்து போல சுத்துது. முன் சஸ்பென்ஷனும் ஸ்டீரிங்கும் இயல்பா அதிரக்கூடிய வேகத்துக்கு அது ரொம்பப் பக்கம். அதனால 80இல் பெருசா தெரியும், 40இல் அடங்கிரும். கோளாறு எங்கயும் போகல, அங்கேயே இருக்கு.

பாலேக் பூலாவ் அக்கா:
நாங்க தினமும் துன் சர்டோன் மலை ரோட்டுல இறங்குறோம். கீழே வந்து சிவப்பு விளக்குல நின்னா பிரேக் வாடை வரும். அதனாலயும் டிஸ்க் ஆடுமா அண்ணே?

பி.எம். பொமன்:
ஆடும் அக்கா. சூடான டிஸ்க்கை பேட் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னா, பேட் பொருள் அந்த இடத்துல ஒட்டிக்கும். அதுவும் கனம் கூடின மாதிரிதான். கியரைக் குறைச்சு இறங்கச் சொல்லுங்க. ஆட்டோவா இருந்தாலும் எல், எஸ்னு கியர் இருக்கும். கீழே நின்னதும் முடிஞ்சா காலை லேசா தளர்த்தி வண்டியைக் கொஞ்சம் நகர விடுங்க. இந்தத் தம்பிக்கு மலை ரோடு இல்ல, அதனால எனக்கு ஹப் மேலதான் சந்தேகம்.

தம்பி, டிஸ்க் எவ்வளவு ஆடுதுன்னு அளக்கிற டயல் கேஜ் கிடைக்குமா?

பிறைவாசி:
பாயான் லெப்பாஸ்ல நான் வேலை பாக்குற ஃபேக்டரியில டூல் ரூம் இருக்கு. கேட்டா டயல் கேஜ், அதை நிறுத்தி வைக்கிற காந்தக் கால், மைக்ரோமீட்டர் எல்லாம் ஞாயித்துக்கிழமைக்குத் தருவாங்க.

பி.எம். பொமன்:
அப்போ பாதி வேலை முடிஞ்சுது. ஜாக் மட்டும் நம்பாதீங்க, கீழே ஸ்டாண்டு வைங்க. சக்கரத்தைக் கழட்டினதும் ஹப்பை மேலும் கீழுமா பிடிச்சு ஆட்டிப் பாருங்க. பேரிங்ல ஆட்டம் இருந்தா மத்த அளவு எதையும் நம்ப முடியாது. அப்புறம் நட்டுக்கு அடியில தடிச்ச வாஷர் போட்டு நாலையும் முடுக்கி டிஸ்க்கை ஹப்போட இறுக்குங்க. சும்மா தொங்குற டிஸ்க்கை அளந்து பிரயோஜனம் இல்ல. கேஜ் முனையை விளிம்புலிருந்து 10 மி.மீ. உள்ளே வச்சு மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. ஊசி 0.05 மி.மீ.க்குள்ள நின்னா நல்லது. 0.10 தாண்டினா சரியில்ல. கனத்தை மைக்ரோமீட்டர்ல எட்டு இடத்துல பாருங்க. காலிப்பர் பின் ரெண்டும் கையால தள்ளினா வழுக்குதான்னும் பாத்துக்குங்க.

பிறைவாசி:
அளந்துட்டேன். வலது 0.04. இடது 0.16! பேரிங்ல ஆட்டம் இல்ல. பின் நல்லா வழுக்குது. கனம்: வலது எல்லா இடமும் ஒண்ணுதான். இடதுல கூடினதுக்கும் குறைஞ்சதுக்கும் 0.02 வித்தியாசம். இடது டிஸ்க்கைக் கழட்டிப் பாத்தா ரெண்டு போல்ட் அடியில துரு பொருக்கு அப்படியே இருக்கு, டிஸ்க் உள் பக்கமும் அதே இடத்துல தடம் விழுந்திருக்கு.

வயர் பிரஷ், சேண்ட் பேப்பர் போட்டு பளபளன்னு ஆகிற வரைக்கும் தேய்ச்சேன். திரும்ப மாட்டி அளந்தா 0.07. அப்புறம் டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளி மாட்டினேன். 0.03!

பி.எம். பொமன்:
சபாஷ் தம்பி. மைவியில நாலு போல்ட், நாலு விதமா மாட்டலாம். ஹப்போட சின்னச் சாய்வும் டிஸ்க்கோட சின்னச் சாய்வும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சுட்டீங்க. போல்டுலயும் டிஸ்க்லயும் ஒரு அடையாளம் போட்டு வைங்க.

ஆனா அந்த 0.02 தேய்மானம் டிஸ்க்ல இன்னும் இருக்கு. ஹப் சுத்தமானதால அது போயிடாது. மெஷின் ஷாப்ல கொடுத்து லேசா ஸ்கிம் பண்ண, அதாவது முகத்தைச் சீவிச் சமமாக்கச் சொல்லுங்க. புது டிஸ்க்தானே, கனம் தாராளமா இருக்கும். இருந்தாலும் டிஸ்க்ல அச்சடிச்சிருக்கிற குறைந்தபட்சக் கனத்தைப் பாத்துட்டுத்தான் வெட்டணும். திரும்ப மாட்டுறப்போ பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைச்சு, அதே அடையாளத்துல வச்சு இன்னொரு தடவை அளந்துருங்க. நட்டை, முறுக்கு அளவு காட்டுற டார்க் ரெஞ்சால குறுக்கு குறுக்கா முடுக்கணும். இந்த வகை நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் போல வரும், கையேட்டுல என்ன போட்டிருக்கோ அதையே வைங்க. சோதனை ஓட்டத்தைப் பாலத்துல செய்யாதீங்க, பின்னால லோரி வரும். பிறை தொழிற்பேட்டைக்குள்ள ஞாயிறு காலையில ரோடு காலியா இருக்கும். 60இலிருந்து 10 வரைக்கும் மிதமா பத்துத் தடவை குறைங்க, முழுசா நிறுத்தாம.

பிறைவாசி:
ஸ்கிம் பண்ணி மாட்டியாச்சு அண்ணே. ரன் அவுட் 0.04, கனம் ஒரே சீர். நேத்து ராத்திரி பாலத்துல 80இலிருந்து டோல் வரைக்கும் பிரேக் பிடிச்சு வந்தேன். ஸ்டீரிங் அசையல. ரொம்ப நன்றி.

சாகா நிபோங் திபால்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். என் புரோட்டோன் சாகா கார்ல ஸ்டீரிங் ஆடல, ஆனா பிரேக் மிதியும் சீட்டும் துடிக்குது. நானும் முன் ஹப்பைத்தான் பாக்கணுமா?

பி.எம். பொமன்:
ஸ்டீரிங் அமைதியா இருந்து சீட் துடிச்சா முதல்ல பின்னால பாருங்க. உங்க சாகாவுல பின் பக்கம் டிஸ்க் இல்லாம டிரம் பிரேக்தானே? ஆளில்லாத நேரான ரோட்டுல, ரோடு காய்ஞ்சிருக்கிறப்போ, 40 போல போங்க. கைபிரேக் பொத்தானை விடாம அழுத்திக்கிட்டே மெதுவா இழுங்க. அப்பவும் துடிச்சா டிரம் வட்டம் கெட்டிருக்கு. துடிக்கலைன்னா அளவெடுத்துட்டு இங்கேயே எழுதுங்க, பாத்துக்கலாம்.