ஓஆர்எஸ் கரைசலில் சர்க்கரை எதற்கு? பாக்கெட்டைப் பிரித்துப் பிரித்துக் கலக்கலாமா?

மழைத்துளி:
பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ்ஸில் 1 லிட்டர் பாக்கெட்டை வாங்கி, வேண்டும்போதெல்லாம் டம்ளரில் கொஞ்சம் பொடியைத் தட்டிக் கலக்குவது பல வீடுகளில் வழக்கம். இது சரிதானா? பேதியில் போன உப்பை ஈடுகட்டத்தான் இது என்றால் சர்க்கரை எதற்கு, தெம்புக்கா? 3 வயதுக் குழந்தை குடிக்க மறுத்தால் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை சேர்க்கலாமா?

குடல்வாசல்:
தெம்புக்கு இல்லை. உப்பைக் குடலிலிருந்து ரத்தத்துக்குக் கொண்டுபோவதே அந்தச் சர்க்கரைதான்.

பெரியவர்களுக்கு ஒரு நாளில் குடலுக்குள் வரும் நீர் சுமார் 9 லிட்டர். நாம் குடிப்பது அதில் 2 லிட்டர்தான். மீதியெல்லாம் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலின் சொந்தச் சுரப்பு. இதில் பெரும்பகுதியைச் சிறுகுடலும் மிச்சத்தைப் பெருங்குடலும் திரும்ப எடுத்துக்கொள்ளும். மலத்தோடு போவது 100, 200 மில்லிதான். காலராவில் கிருமியின் நச்சு குடல் செல்களைக் குளோரைடை (உப்பின் ஒரு பகுதி) கொட்ட வைக்கிறது; சோடியமும் (உப்பின் மறு பகுதி) நீரும் அதன் பின்னாலேயே போய்விடும். ஆனால் குளுக்கோஸும் (ஓஆர்எஸ்ஸில் இருக்கும் சர்க்கரை இதுதான்) சோடியமும் ஜோடியாக நுழையும் வாசல் அப்போதும் கெடுவதில்லை. ஒரு குளுக்கோஸ், இரண்டு சோடியம், கூடவே நீர். 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் சலைன் தீர்ந்தபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா கரைத்த நீரை வாய்வழியாகக் கொடுத்துப் பலரைப் பிழைக்க வைத்தது இந்த வாசலை நம்பித்தான்.

கூடுதல் சர்க்கரை கூடவே கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையின் அடர்த்தி லிட்டருக்கு 245 மில்லிஆஸ்மோல் (கரைந்திருக்கும் துகள்களின் அளவு), ரத்தத்தைவிடக் குறைவு. அதனால் நீர் உள்ளே போகும். இனிப்பு ஏறினால் குடல் உடம்பிலிருந்தே நீரை இழுத்துக் கொட்டும், பேதி கூடும். டப்பாவில் வரும் பழச்சாற்றுக்கும் இதே கதிதான்: 100 மில்லியில் 10 கிராம் சர்க்கரை சாதாரணம், ஓஆர்எஸ்ஸில் 1.35 கிராம்தான்.

அளவுக்கரண்டி:
பொடியைப் பிரிக்கவே வேண்டாம். 1 லிட்டர் பாக்கெட்டில் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு (சாதாரண உப்பு) 2.6, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. இவை பாக்கெட்டுக்குள் ஒரே சீராக இருக்காது. ஒரு டம்ளரில் உப்பு தூக்கலாகும், அடுத்ததில் வெறும் சர்க்கரைத் தண்ணீர். உப்பு மிஞ்சினால் ரத்தத்தில் சோடியம் ஏறும். சின்னக் குழந்தைக்கு வலிப்பே வரலாம். கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் முழு பாக்கெட்டையும் கொட்டுங்கள், மூடி வையுங்கள், 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். வீணாகிறதே என்றால் 200 மில்லிக்கான சிறு பாக்கெட் கிடைக்கிறது.

பாக்கெட் இல்லாத நேரத்தில்: 1 லிட்டருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. ஆனால் இதில் பொட்டாசியம் கிடையாது. பொட்டாசியம் இறங்கினால் தசை துவளும், குடல் அசைவு மந்தமாகி வயிறு உப்பும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதை மட்டும் நம்பாதீர்கள். உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி நல்லது.

மழைத்துளி:
குடித்ததும் வாந்தி எடுத்தால்?

அளவுக்கரண்டி:
10 நிமிடம் விட்டுவிட்டு, 2–3 நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் கொடுங்கள். டம்ளரோடு கொடுத்தால் இரைப்பை விரிந்து மறுபடி வெளியே தள்ளும். ஒவ்வொரு பேதிக்கும் 2 வயதுக்குக் கீழே 50–100 மில்லி, அதற்கு மேல் 100–200. வழக்கமான சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். குழந்தைக்குத் துத்தநாக (ஜிங்க்) மருந்து தினமும் 20 மில்லிகிராம் (6 மாதத்துக்குக் கீழே 10), பேதி நின்றாலும் 10–14 நாள் கொடுக்க வேண்டும்.

குடல்வாசல்:
சிறுநீரையும் கவனியுங்கள். நீர் குறைந்ததும் சிறுநீரகம் சேமிக்கத் தொடங்கும்: முதலில் அடர்மஞ்சள், பிறகு அளவே குறையும். 6 மணி நேரமாகப் போகவில்லை, கண் குழிந்திருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே மறையவில்லை, மலத்தில் ரத்தம், குடிக்கத் தெம்பில்லாமல் துவண்டு கிடக்கிறது: இதில் எது இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வழியிலும் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போகலாம், விழிப்பாக இருந்து விழுங்க முடிந்தால் மட்டும்.