நகுலுக்கு அம்மை போட்டிருக்கிறது

கவிதா, காலை 7:10
நகுலுக்கு அம்மை போட்டிருக்கிறது. நேற்று வயிற்றில் நாலு கொப்புளம், இன்று முதுகு, முகம், தலைக்குள் எல்லாம். காய்ச்சல் 101. போன மாதம் பெரியவளுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப் பாதி இருக்கிறது. கொடுக்கலாமா?

தனம் பெரியம்மா, 7:14
அம்மை கண்டால் மருந்தே கூடாதும்மா. வாசலில் வேப்பிலை சொருகு. இளநீர், மோர் கொடு.

செந்தில் மாமா, 7:21
எங்கள் பையனுக்கு மருந்துக்கடையில் கேட்டு 5 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் காய்ந்துவிட்டது. கொடும்மா.

மல்லிகா அத்தை, 7:38
கவிதா, கொடுக்காதே. சின்னம்மை வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்குத்தான். செந்தில், அந்த மருந்து இல்லாவிட்டாலும் அதே ஒரு வாரத்தில்தான் காய்ந்திருக்கும். அப்புறம், தண்ணீர் கலந்த சிரப் அதிகம் போனால் 2 வாரம்தான் தாங்கும். தூக்கிப் போடு.
காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், எடைக்கு ஏற்ற அளவு. இபுபுரூஃபன் வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஈரலையும் மூளையையும் தாக்கிவிடும்.

கவிதா, 7:41
சொறிந்துகொண்டே இருக்கிறான் அத்தை. காது பக்கம் ஒன்று உடைந்துவிட்டது.

மல்லிகா அத்தை, 7:52
முதலில் நகத்தை ஒட்ட வெட்டு. சொறிந்த புண் வழியாகத்தான் பாக்டீரியா உள்ளே போகும். அப்படிப் போனால்தான் ஆன்டிபயாடிக்குக்கு வேலை, அதையும் டாக்டர்தான் எழுத வேண்டும். கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறதா, தொட்டால் சுடுகிறதா, வலிக்கிறதா, சீழ் வைக்கிறதா என்று தினமும் பார். காய்ச்சல் 4 நாளுக்கு மேல் நின்றாலோ, விட்டு மறுபடி ஏறினாலோ அன்றைக்கே கூட்டிப் போ. மூச்சு வாங்கினாலும், எழுப்ப முடியாமல் தூங்கினாலும், நடை தள்ளாடினாலும் ஒரு நிமிடம் தாமதிக்காதே.
அண்ணி, வேப்பிலை கட்டுங்கள், நானும் கும்பிடுகிறவள்தான். ஆனால் நான் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தபோது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியே எடுக்கக் கூடாதென்று வைத்திருந்த குழந்தையைத் தொடை முழுக்கச் சீழ் கட்டிக் கொண்டுவந்தார்கள். அந்த அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

தனம் பெரியம்மா, 7:58
அய்யோ. அப்போது குளிப்பாட்டலாமா?

மல்லிகா அத்தை, 8:00
வெதுவெதுப்பான தண்ணீரில் தாராளமாக அண்ணி. தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் போதும். சுத்தமாக இருந்தால் புண் சீழ் பிடிப்பது குறையும்.

சுகன்யா, 8:05
அக்கா, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனை மடியில்தானே வைத்திருந்தேன். எனக்கு 5 மாதம். அன்று கொப்புளம் எதுவும் இல்லையே?

மல்லிகா அத்தை, 8:06
கொப்புளம் வருவதற்கு 2 நாள் முன்பே தொற்றும். உனக்குச் சின்ன வயதில் வந்திருக்கிறதா? தெரியாவிட்டால் இப்போதே உன் டாக்டருக்குப் போன் பண்ணு. நாளைக்கு என்று தள்ளாதே. நேரில் போவதென்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போ, அங்கே மற்ற கர்ப்பிணிகள் இருப்பார்கள்.

கவிதா, 8:30
நகம் வெட்டியாச்சு. சிரப்பைத் தூக்கிப் போட்டுவிட்டேன். 11 மணிக்கு டாக்டரிடம் காட்டுகிறேன்.

சுகன்யா, 9:12
அம்மாவிடம் கேட்டேன். எனக்கு மூன்றாம் வகுப்பு படிக்கும்போது போட்டதாம். டாக்டரிடமும் சொல்லிவிட்டேன், ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்.