30 யூனிட் கூடியதற்கு 466 ரூபாயா? கரண்ட் பில் கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பத்துக்காரன்:
கடலூரில் சொந்த வீடு, ஒரே இணைப்பு. போன தடவை 490 யூனிட், 1,742 ரூபாய். இந்தத் தடவை கத்திரி வெயிலுக்கு ஏசி கொஞ்சம் கூடுதலாக ஓடி 520 யூனிட் வந்தது. பில் 2,208! கூடிய யூனிட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டால் யூனிட் பதினைந்தரை ரூபாய் ஆகிறது. மீட்டர் கோளாறா? பக்கத்து நெய்வேலியிலேயே கரண்ட் தயாராகிறது, நமக்கு ஏன் இந்த விலை?

ஓய்வுபெற்ற கணக்கர்:
தம்பி, மீட்டர் மேல் பழி போடாதீர்கள். 500ஐத் தாண்டிவிட்டீர்கள், அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு 500 வரை ஒரு கணக்கு, அதற்கு மேல் போனால் வேறு கணக்கு. முதல் 100 எல்லோருக்கும் இலவசம் (2016 முதல்). 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட் 2.35. தாண்டினால் அதே நூறு யூனிட்டுக்கும் 4.70 போடுவார்கள், 235 ரூபாய் அங்கேயே போச்சு. கூடிய 30இல் 500 வரையிலான 10 யூனிட் 6.30 வீதம் 63, கடைசி 20 யூனிட் 8.40 வீதம் 168. கூட்டிப் பாருங்கள், 466 சரியாக வரும்.

மஞ்சக்குப்பத்துக்காரன்:
அடப்பாவமே, சரியாக வருகிறது ஐயா. இந்த வீதத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

ஓய்வுபெற்ற கணக்கர்:
தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். மின்சாரம் வாங்கும் செலவு, கம்பியில் போகும் இழப்பு, சம்பளம், கடன் வட்டி எல்லாவற்றையும் காட்டி மின்வாரியம் மனுப் போடும். ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு உத்தரவு போடும். 2022 செப்டம்பரில்தான் பெரிய அடி: 500 யூனிட்டுக்கு 1,130 கட்டியவர்கள் 1,725 கட்டினார்கள். அந்த உத்தரவிலேயே, ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசிக்கு ஏற்ப, அதிகபட்சம் 6 சதவீதம் ஏற்றலாம் என்று இருக்கிறது. 2024இல் 4.83 சதவீதம் ஏறியது. 2025இல் வீடுகளுக்கான 3.16 சதவீத உயர்வை அரசே தன் செலவாக ஏற்றுக்கொண்டது. மானியம் இல்லையென்றால் நாம் கட்டுவது இன்னும் கூடும், அதையும் சொல்ல வேண்டும்.

பாகூர்க்காரன்:
நெய்வேலி கேள்விக்கு நான் சொல்கிறேன். அது மத்திய அரசு நிறுவனம், அதன் மின்சாரம் தென்மாநிலங்களுக்குப் பங்கு போகிறது. விலையை மத்திய ஆணையம் தீர்மானிக்கிறது. சுரங்கத்துக்குப் பக்கத்து வீடு என்பதற்காகத் தள்ளுபடி கிடையாது! புதுச்சேரியில் இருக்கும் எங்களுக்கு ஆணையமே வேறு. கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் பொதுவான கூட்டு ஆணையம்தான் வீதம் போடுகிறது. பில்லும் மாதாமாதம் வரும். அதனால் உங்கள் பில்லையும் எங்கள் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஓய்வுபெற்ற கணக்கர்:
ஒரு வேலை செய்யுங்கள் தம்பி. ரீடிங் எடுத்த தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். நாற்பது நாள் ஆனதும் மீட்டரை நீங்களே பாருங்கள். அதுவரை ஓடியது 330 யூனிட்டைத் தாண்டியிருந்தால் மீதி இருபது நாளும் ஏசியில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பழைய ஏசி என்றால் அந்த இருபது யூனிட் இரண்டு ராத்திரிக் கணக்குதான்.

மஞ்சக்குப்பத்துக்காரன்:
இப்போதே போய்ப் பார்த்தேன் ஐயா. ரீடிங் எடுத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் 118. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.